வடிவுக்கு நாற்பத்தெட்டு வந்த வெள்ளிக்கிழமை

இதை எனக்கு முதலில் சொன்னது எதிர்வீட்டுச் சொர்ணம் மதினி. போன வருஷம் ஆடித்தபசுக்குக் கொடி ஏறின மறுநாள் காலை, சங்கரன்கோவிலில் பாதி ஜனம் வேண்டுதலுக்காகக் கோயிலைச் சுற்றிக்கொண்டிருக்க, நானும் நூற்றெட்டுச் சுற்றுக்கு நூற்றெட்டுப் புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை இந்த முடிச்சிலிருந்து எடுத்து அந்த முடிச்சில் போட்டுக்கொண்டு, கோமதி அம்பாளே கோமதி அம்பாளே என்று நடந்துகொண்டிருந்தபோது, அறுபத்திரண்டாவது சுற்றில் பின்னாலிருந்து வந்து ஒட்டிக்கொண்டு, இன்றைக்குக் கத்திரிக்காய் நல்லா இல்லை என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"உலகம்மா, ஆதிமூலம் அண்ணாச்சி புது கம்ப்யூட்டர் வாங்கிட்டாராம். பழசுல உள்ளதையெல்லாம் புதுசுக்கு மாத்துதாராம். மாத்தின ஆளுகளுக்கெல்லாம் வயசு வந்துட்டுதாம்."

"எவ்வளவு வந்துட்டாம்?"

"எவ்வளவு பாக்கியோ அவ்வளவும். தறிக்கார குமாரசாமி இருக்கான்லா, இன்னைக்குக் காலையில எந்திரிக்கையில தலை பூரா நரைச்சுக் கிடந்திருக்கு. காபி கொண்டுபோன அவன் அம்மா, 'எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கியளே, நீங்க யாரு'ன்னு கேட்டிருக்கா."

என் விரலிடுக்கில் இருந்த புளியங்கொட்டை நழுவி யார் காலுக்கடியிலோ போய்விட்டது. அது அறுபத்திரண்டா அறுபத்துமூன்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்று கூடுதலாகவே சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். குமாரசாமிக்கு வயது வந்தால் உனக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் மூத்த மகள் சண்முகவடிவும் அந்தப் பழைய பெட்டிக்குள்தான் இருந்தாள்.

அதற்குப் பதினேழு வருஷத்துக்கு முன்னால், வடிவுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தபோது, நானும் அவள் அப்பாவும் அவளுடைய ஜாதகத்தையும் ஏழு சேலையில் எடுத்த ஏழு போட்டோவையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, தேரடிச் சந்தில் மாடிமேல் இருந்த அண்ணாச்சியின் திருமணத் தகவல் மையத்துக்குப் போனோம். அண்ணாச்சி நல்ல மனுஷர். யாரிடமும் "என்ன வயசு" என்று கேட்கமாட்டார். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கீபோர்டில் ரெண்டு விரலையும் தயாராக வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமலே "வயசு எத்தனை போடட்டும்?" என்றுதான் கேட்பார். கேட்கப்பட்ட தாயும் தகப்பனும் அந்த ஒரு நிமிஷத்தில் மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள். ரெண்டைக் கழிப்பவர்கள் உண்டு, ஐந்தைக் கழிப்பவர்கள் உண்டு, ஒன்றும் கழிக்காமல் வந்தவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

"இருபத்தெட்டு," என்றேன் நான். அவள் அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

ஆனால் ஜாதகத்தில் நான் கை வைக்கவில்லை. வாயால் சொல்வதில் மூன்றைக் குறைக்கலாம், அதை அம்பாள் பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பிறந்த தேதியும் நேரமும் அம்பாள் பேரை மேலே எழுதிக் குறித்த குறிப்பு, அதைத் தொட எனக்குப் பயம். அதனால் உண்மையான தேதி ஜாதகக் கட்டத்தோடு ஒரு பக்கம் ஏறியது, பொய்யான வயது இன்னொரு பக்கம் ஏறியது, பழைய பெட்டியில் அந்த ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி இருந்துகொண்டன.

அன்று அப்படிப் பதிந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வடிவு அடுப்படியில் நின்று தன் வலது புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பால்வாடி டீச்சர். அதற்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கையில் கஞ்சி கொட்டி, அந்தக் கையில் வேப்பிலை நீளத்துக்கு ஒரு தழும்பு விழுந்திருந்தது.

"யம்மா, தழும்பைக் காணோம்."

"ஆறியிருக்கும்ட்டி."

"ஆறுனா ஆறுன இடம் இருக்கும்லா? இடத்தையே காணோமே."

அன்றிலிருந்து அவளுக்கு இருபத்தெட்டுத்தான்.

ஊர் இதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணாச்சியின் பெட்டியில் அவளைப் போல வரன் அமையாமல் நின்றவர்கள் ஆணும் பெண்ணுமாக நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். யாருக்காவது கல்யாணம் முடிவானால் அண்ணாச்சி அந்த ஆளின் பக்கத்தில் 'அமைந்தது' என்று அடிப்பார், அடித்த அன்றிலிருந்து அந்த ஆளுக்கு மற்றவர்களைப் போல வயது நகர ஆரம்பித்துவிடும், மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். டெய்லர் வடிவின் ஜாக்கெட்டுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் டேப்பை எடுக்காமலே அளவு எழுதிக்கொண்டார், பால்வாடியைப் பார்வையிட வந்த ஆபீஸர் அம்மா சர்வீஸ் புத்தகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "நல்லா உடம்பை வச்சிருக்கீங்க டீச்சர்" என்று கையெழுத்துப் போட்டுப் போனார், அவளைவிட மூன்று வயது இளைய என் மகன் நயினார் திருப்பூரில் கல்யாணம் முடித்து, தொப்பை வைத்து, முன்தலை ஏறி, பொங்கலுக்கு வரும்போதெல்லாம் "அக்கா, இப்படியே போனா நீ என்னைச் சித்தப்பான்னு கூப்பிடணும்" என்று கேலி செய்தான். அவள் சிரிப்பாள். ஒரே மாதிரிச் சிரிப்பு.

நானும் வருஷா வருஷம் அவள் கல்யாணத்துக்காக நூற்றெட்டுச் சுற்றினேன். அம்பாளுக்காவது வருஷத்தில் ஒரு நாள் சுவாமி வந்து தபசு முடிந்துவிடும்.

ரெண்டு காரியம்தான் என்னை உறுத்தின. ஒன்று, அவள் அப்பா போனது. அது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். எனக்கு அந்தத் துக்கம் நாளாக நாளாகத் தேய்ந்து, பிறகு நினைத்தால் வருகிற துக்கமாகி, பிறகு கோயிலில் மட்டும் வருகிற துக்கமாகி விட்டது. வடிவுக்கு அது ஆகவில்லை. வயது நகராதவளுக்குத் துக்கம் மட்டும் எப்படி நகரும்? அவளுக்கு அவர் எப்போதும் நேற்றுத்தான் போயிருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று தம்ளரில் டீ ஊற்றுவாள், மூன்றாவதை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைப்பாள், ஆறினதும் முருங்கை மரத்து மூட்டில் ஊற்றிவிட்டு வருவாள். ஒன்பது வருஷமாக நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த வரன். பையனுக்கு இருபத்தெட்டு, பெட்டியில் இவளுக்கும் இருபத்தெட்டு, பொருத்தம் பத்துக்கு எட்டு. தாயும் மகனும் புளியங்குடியிலிருந்து வந்தார்கள். இவன் சின்னப் பிள்ளையாக இருக்கையில் இங்கேதான் குடியிருந்தோம் என்று அந்த அம்மா சொன்னபோதே நான் கவனித்திருக்க வேண்டும். வடிவு காபித் தட்டோடு வந்து நின்றாள், பையன் நிமிர்ந்து பார்த்தான், பார்த்தவன் சட்டென்று எழுந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"வணக்கம் டீச்சர்."

"ஏலே கார்த்தீசா," என்றாள் வடிவு. "முட்டையில மஞ்சக்கருவைத் துப்புறது இன்னும் உண்டாலே?"

"இல்ல டீச்சர். இப்போ தின்னுருவேன்."

அவன் அம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டு, நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன் என்று போனாள். அவன் வாசலில் வடிவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவள் அடுப்படியில் போய்ச் சிரித்தாள், சிரித்து முடித்த பிறகும் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

பழைய பெட்டி தானாக ஓய்ந்துவிட்டது, அதுதான் மாற்ற ஆரம்பித்த காரணம். இருபது ஆயுதபூஜைக்கு மேல் சந்தனமும் குங்குமமும் வாங்கின பெட்டி. உள்ளே இருக்கிற காற்றாடி தறி ஓடுகிற மாதிரிச் சத்தம் போட்டது. ரிப்பேர் பார்க்கிற ஜெபமணி வந்து, மூடியைக் கழற்றிப் பார்த்து, தீபாவளி வரை தாங்காது என்று சொல்லிவிட்டார். அதனால் அண்ணாச்சி புதுசு வாங்கினார். புதுசு தட்டையாக, சத்தமில்லாமல் இருந்தது, அதற்கு வயதை யாரும் அடிக்க வேண்டியதில்லை, பிறந்த தேதியைப் பார்த்துத் தானே கூட்டிக்கொள்ளும். அண்ணாச்சி ஒன்றும் நினைக்காமல் முதல் நாள் ஒன்பது பேரைப் புதுசுக்கு மாற்றிவிட்டு, பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். மறுநாள் காலையில் ஊருக்குள் ஒன்பது வீட்டில் கூப்பாடு.

ரெண்டு நாள்தான் ஊர் தடுமாறியது. மூன்றாம் நாள் அதற்கும் ஒரு முறை கண்டுபிடித்துவிட்டது. இனி யாரையும் கேட்காமல் மாற்றுவதில்லை என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார், வீட்டார் நாள் பார்த்து வரவேண்டும், வரும்போது தாய்மாமன் தட்டு எடுக்கவேண்டும், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு சீசா மூட்டுவலித் தைலம், மெத்தென்ற அடி வைத்த ஒரு ஜோடிச் செருப்பு, விருப்பப்பட்டால் தலைச்சாயம். மாற்றி முடித்ததும் அத்தைமார் ஆரத்தி சுற்ற வேண்டும், முதல் நரையை அன்றைக்குப் பிடுங்கக்கூடாது, மத்தியானம் பாயசம். கண்ணாடிக்கடைக்காரர் பவர் சரியில்லை என்றால் பிறகு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று போர்டே எழுதி வைத்தார். "நம்ம பிள்ளைக ரெண்டாந்தடவை வயசுக்கு வருதுக," என்று சொர்ணம் மதினி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

மாற்றாமல் காப்பி மட்டும் எடுத்து ரெண்டு பெட்டியிலும் வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு வீட்டார் செய்து பார்த்தார்கள். அந்தப் பையன் காலையில் முப்பதும் சாயங்காலம் நாற்பத்துநாலுமாக ஒரு வாரம் அல்லாடி, மதியத்தில் எந்தச் சட்டை போடுவது என்று தெரியாமல் அழுததில், கடைசியில் அவன் பேரைப் பழையதிலிருந்து அழித்துவிட்டார்கள்.

இப்படி ஒவ்வொருவராகப் போய், ஆவணி பிறந்தபோது பழைய பெட்டியில் என் மகள் ஒருத்திதான் இருந்தாள். ஒரே ஒரு ஆளுக்காக அது காலையிலிருந்து சாயங்காலம் வரை இரைந்துகொண்டிருந்தது.

நான் ஜெபமணியிடம் போய்க் கேட்டேன். "தம்பி, மாத்தாமலே விட்டுட்டா என்ன ஆகும்?"

"பொட்டி நின்னுபோச்சுன்னா உள்ள உள்ளது உள்ளயே போயிரும்க்கா."

"உள்ள உள்ளதுன்னா?"

அவர் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்தார். "எனக்கு மிஷின்தான்க்கா தெரியும்," என்றார்.

அன்றைக்குச் சந்நிதியில் போய் நின்றேன். எழுபத்தொரு வருஷத்தில் எனக்கு வேண்டத் தெரியாமல் போன நாள் அது ஒன்றுதான். மாற்றினால் இருபது வருஷம் ஒரே நாளில் என் பிள்ளை தலையில் இறங்கும், அதில் பதினேழு காலத்தோடது, மூன்று என் பொய்யோடது. மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல ஆளே இல்லை. எதைக் கொடு என்று கேட்பது? பூசாரி புற்றுமண் கொடுத்தார், வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு நேராக அண்ணாச்சியின் மாடிப்படி ஏறினேன்.

"அண்ணாச்சி, பொறந்த வருஷத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா, புதுசு கம்மியாத்தானே கூட்டும்?"

"ஆமாக்கா."

"அப்போ போட்டுருங்க. அம்பாள்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ரெண்டு விரலையும் தயாராக வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் கேட்டார்: "எந்த வருஷம் போடட்டும்?"

நான் வாயைத் திறந்தேன். மூன்று வருஷம் தள்ளலாம் என்று பார்த்தால் அது நயினார் பிறந்த வருஷம், ஆஸ்பத்திரி வாசலில் வடிவு தம்பியைப் பார்க்க அவள் அப்பா தோளில் இருந்தாள். ஆறு தள்ளலாம் என்றால் அந்த வருஷம் அவளுக்கு முதல் பால்பல் விழுந்து, அதைச் சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிய அவளைத் தூக்கிப் பிடித்தது நான். பத்து தள்ளலாம் என்றால் அந்த வருஷம் தபசுக் கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டுத் தொலைந்துபோய், வளையல்கடை ஸ்டூலில் அழாமல் உட்கார்ந்திருந்தாள். எந்த வருஷத்தைத் தொட்டாலும் அதற்குள் அவள் ஏற்கெனவே இருந்தாள். பிள்ளை பிறக்காமல் காலியாக இருக்கிற ஒரு வருஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

"வரலை அண்ணாச்சி," என்றேன்.

"யாருக்கும் வரலைக்கா," என்றார் அவர். "மாத்த வந்தவங்க எல்லாரும் இதைக் கேட்டுட்டுத்தான் போனாங்க."

வீட்டுக்கு வந்தபோது வடிவு சுளகில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சிகிட்ட போயிட்டு வாரியாம்மா?"

"ஆமா."

"என்னைக்கு மாத்துதாராம்?"

"மாத்தணுமான்னு பார்க்கேன்."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "யம்மா, நான் சோறு ஊட்டின பிள்ளைக எல்லாம் என்னைத் தாண்டிப் போயிட்டு. அந்தப் பிள்ளைக பெத்த பிள்ளைக இப்போ என்கிட்ட சாப்பிட வருது. அப்பா செத்ததுக்கு நான் இன்னும் முதல் நாள் அழுகையே அழுதுகிட்டு இருக்கேன். எனக்கு அலுத்துப்போச்சும்மா."

"கல்யாணம் ஆகட்டும்னுதானேட்டி."

"ஆகும்னு நினைக்கியா?"

நான் கீரையைப் பார்த்தேன்.

"நினைக்கலேல்ல? அப்போ என் வயசை என்கிட்ட குடுத்துரும்மா. இத்தனை வருஷமா நீ வச்சிருந்தது போதும்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். கடையில் கொடுத்து வைத்த பையைத் திருப்பி வாங்குகிற மாதிரிக் கேட்டாள். நாலு நாள் கழித்து வந்த வெள்ளிக்கிழமையைக் குறித்தோம்.

என் கூடப்பிறந்தவன் உயிரோடு இல்லாததால் நயினார்தான் திருப்பூரிலிருந்து தட்டோடு வந்தான். கண்ணாடி, தைலம், செருப்பு எல்லாம் இருந்தது. தலைச்சாயம் ரெண்டு பாக்கெட் இருந்தது. "ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு," என்றான். மாடி அறையில் நாங்கள் மூன்று பேரும், அண்ணாச்சியும், ஜெபமணியும், ஆரத்தித் தட்டோடு சொர்ணம் மதினியும். மேஜையில் பழைய பெட்டி ஒரு பக்கம், புதுப் பெட்டி ஒரு பக்கம், நடுவில் ஒரு வயர். நல்ல நேரம் ஒன்பதேகாலுக்கு. ஜெபமணி மவுஸைத் தட்டினார். திரையில் பச்சைக் கோடு ஒன்று இடது ஓரத்தில் முளைத்தது.

வடிவு ஸ்டூலில் உட்கார்ந்து, கையை என் கையில் கொடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏழு போட்டோ இருக்குல்லா, அதான் இழுக்குது," என்றார் அண்ணாச்சி.

அம்பாளே, அம்பாளே என்று சொன்னேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. முதலில் தழும்புதான் வந்தது. என் கட்டைவிரலுக்கடியில் வழுவழுப்பாக இருந்த இடம் கொஞ்சம் மேடிட்டு, சுருங்கி, வேப்பிலை நீளத்துக்கு ஓடி நின்றது. "வந்துட்டியா," என்று வடிவு அதைப் பார்த்துச் சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு பழைய பெட்டி பெரிதாக இரைந்தது, ஜெபமணி "ஐயோ" என்று முனகினார், நான் கண்ணைத் திறந்தேன். பச்சைக் கோடு பாதியில் நின்றிருந்தது.

என் இடது கைக்குப் பக்கத்தில் சுவரில் சுவிட்ச் இருந்தது. என்னை அறியாமல் அந்தக் கை அதன்மேல் போயிருந்தது. தட்டினால் நின்றுவிடும். எதுவும் மேலே வராது. கோடு போன பாதியும் திரும்பி வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது, திரும்பாமல் பாதியிலேயே பிள்ளை நின்றுபோவாள் என்றும் தோன்றியது, ரெண்டில் எது என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

"உலகம்மாக்கா, கையை எடுங்க," என்றார் அண்ணாச்சி, சத்தமில்லாமல்.

எடுக்கவும் முடியவில்லை, தட்டவும் முடியவில்லை. பெற்றவள் என்று பேர், என் கை ஒரு வெள்ளைச் சுவிட்சின் மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. வடிவு என் மற்ற கையைப் பிடித்திருந்த பிடியை மட்டும் இறுக்கினாள், பால்வாடியில் முதல் நாள் விடும்போது பிள்ளைகள் பிடிக்கிற பிடி. பிறகு கோடு தானாக நகர்ந்தது.

நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். அவள் விரல் மூட்டுகள் ஒவ்வொன்றாகத் தடித்தன, புறங்கையில் நரம்பு ஏறியது, உள்ளங்கை காய்ந்து சொரசொரத்தது, இத்தனை வருஷமும் அவளுக்கு நடந்திருக்க வேண்டிய தீபாவளிகளும் காய்ச்சல்களும் மழைகளும் என் உள்ளங்கை வழியாக அவளுக்குள் போய்க்கொண்டிருந்தன, போகப்போக ரெண்டு கையில் எது என்னுடையது எது அவளுடையது என்று தொட்டுச் சொல்ல முடியாமல் போனது.

அறையில் சத்தம் அடங்கியது. பழைய பெட்டியின் காற்றாடி சுற்றிச் சுற்றித் தானாக நின்றது. ஜெபமணி அதன்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது என் மாமியார் சாடையில் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரை. கழுத்தில் ரெண்டு கோடு. கண் மட்டும் பழைய கண்.

"நாப்பத்தெட்டு," என்று வாய்விட்டு வாசித்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, "ஏலே நயினார், என்னலே இப்படித் தொப்பை வச்சிருக்கே, உடம்பைக் கவனிக்கமாட்டியா?" என்றாள். அவன் பதினேழு வருஷத்துக்குப் பிறகு அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான். சொர்ணம் மதினி ஆரத்தி சுற்றினாள்.

"இனிமே வரன் பார்க்கட்டுமாம்மா, இல்லை எடுத்துரட்டுமா?" என்று அண்ணாச்சி கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார்.

"இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. வருஷா வருஷம் அது பாட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரட்டும்."

மாடிப்படி இறங்கும்போது அவள் முழங்கால் சடசடத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்டாள். மத்தியானம் பாயசம் வைத்தேன். அன்று சாயங்காலம் நயினார் பஸ் ஏறின பிறகு, ஐந்து மணிக்கு வடிவு டீ போட்டாள். நான் வாசலில் இருந்தேன். ரெண்டு தம்ளர் கொண்டுவந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்து மற்றதைக் குடித்தாள்.

"அப்பா போயி ஒன்பது வருஷம் ஆச்சுல்லாம்மா," என்றாள்.

"ஆமாட்டி."

"ரொம்ப நாளாச்சு," என்று சொல்லிவிட்டு அழுதாள். அது பழைய அழுகை இல்லை. அரை தம்ளர் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

இந்த வருஷமும் தபசுக்குக் கோயிலைச் சுற்றினேன். என்ன வேண்டுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, கொட்டையை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன். சித்திரையில் அவளுக்கு நாற்பத்தொன்பது முடிந்தது. நான் செய்தது சரியா, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது என்ன, எனக்குப் பிறகு யார், இதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்பாளுக்குத் தெரியும், அவள் சொல்லவில்லை.

நீங்கள் சங்கரன்கோவில் பக்கம் வந்தால், எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள். அப்போது வடிவிடம் உனக்கு என்ன வயசு என்று ஒருதரம் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், அதைச் சொல்ல அவளுக்குப் பிடித்திருக்கிறது. என்னிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். பழக்கதோஷத்தில் என் வாய் இன்னும் மூன்றைக் குறைத்துவிடுகிறது.